'ஏதோ ஓடுது' என்று சொல்லாதவனுக்கு

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, உன் மேஜை இழுப்பறையில் ரப்பர் தேடியதுதான். வாசல் தெளிக்கவில்லை, பால் காய்ச்சவில்லை. கல்லூரிக் காலத்தில் நீ வைத்திருந்த ரப்பர் ஒன்று ஓரமெல்லாம் கறுத்து இறுகிப்போய்க் கிடந்தது. அதை எடுத்துவந்து, கணக்குப்பிள்ளை நேற்று வீட்டில் வைத்துவிட்டுப் போன தாள்களில் அவர் எனக்காகப் போட்டிருந்த பென்சில் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கம்பெனியில் நானும் ஒரு பங்குதாரர் என்பதும், அவ்வப்போது தாள்கள் வீட்டுக்கு வரும் என்பதும், சின்னப் பெருக்கல் குறி போட்ட இடங்களில் நான் கையெழுத்துப் போடுவேன் என்பதும் உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீயே பேனாவை எடுத்து நீட்டியிருக்கிறாய். இந்த ஊரில் பாதி வீடுகளில் மனைவிமார் இப்படித்தான் பங்குதாரர்கள். இத்தனை வருஷமும் அந்தத் தாள்களில் என் கண்ணில் பட்டது அந்தக் குறி மட்டும்தான். அது இருக்கிறவரை மற்ற எழுத்துகளில் கண் நிற்பதில்லை. அதனால் முதலில் அதை அழித்தேன், பிறகு வாசித்தேன், அதற்கும் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

உன் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். வீடு அமைதியாக இருக்கிறது. நீ மும்பைக்குப் போனபின் நாம் போனில் பேசுவது பெரும்பாலும் சாப்பாடும் மழையும்தான். போன வாரம் நீ, "அப்பா ஏம்மா எங்கூடப் பேச மாட்டேங்கிறாக?" என்று கேட்டாய். வேலை அதிகம் என்றேன். தீபாவளி முடிந்து கார்த்திகையில் பட்டாசுக் கம்பெனிக்காரருக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியாதா? ஆனாலும் நீ மேலே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டியிருக்கிறது.

நான் காரியாபட்டிக்காரி. எங்கள் பக்கம் எல்லாரும் வெள்ளாமைக்காரர்கள். விளைந்தால் விளைந்தது என்போம், காய்ந்தால் காய்ந்தது என்போம். வயல் ரோட்டோரம் கிடக்கிறது, அதில் மறைக்க என்ன இருக்கிறது? கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்த புதிதில் எதிர்வீட்டு அக்கா, கம்பெனி எப்படிப் போகிறது என்று என்னிடம் கேட்டார்கள். நான் ரொம்ப நல்லாப் போகிறது, ஆர்டர் நிறைய வந்திருக்கிறது என்றேன். புது மருமகளுக்கு அப்படிச் சொல்லத்தானே தோன்றும். சாயங்காலம் உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, "இங்கன அப்படியெல்லாம் சொல்லப்படாது. ஏதோ ஓடுதுன்னு சொல்லணும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அப்படித்தான் என்றார். கண்ணேறு ஒரு காரணம், வரி ஒரு காரணம், கைமாற்றுக் கேட்டு வரும் சொந்தம் ஒரு காரணம் என்று பிறகு நானாகவே தெரிந்துகொண்டேன். இங்கே பெரிய கம்பெனி வைத்திருப்பவரும் ஏதோ ஓடுது என்பார், பெட்டிக்கடை வைத்திருப்பவரும் அதையேதான் சொல்வார். கேட்கிறவர் தலையாட்டிவிட்டு, சொன்னவரின் குரலையும் முகத்தையும் வைத்து உண்மை நிலவரத்தை மனசுக்குள் போட்டுக்கொள்வார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட வருஷங்கள் ஆயின.

உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கேயிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் நம் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அரைகுறைத் தமிழில் விளையாட்டாக உன்னைப் பார்த்து, அப்பா கம்பெனி எப்படி என்று கேட்டார். நீ இரண்டு கையையும் விரித்து, "குடோன் நெறைய வெடி இருக்கு மாமா. நடக்கவே எடமில்ல" என்றாய். உன் பெரியப்பா சிரித்தார். உன் அப்பா விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கச் சொன்னார். தீபாவளி வரப்போகிற நேரத்தில் குடோன் நிறைந்திருந்தால் சரக்கு போகாமல் நிற்கிறது என்று அர்த்தம். வந்தவருக்கு அது தெரியாதா? அன்று மத்தியானமே விலையை அடித்துக் கேட்டார், கொடுக்கவேண்டியதாகிவிட்டது. உன்னை யாரும் திட்டவில்லை. நான் உன்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டு, யார் கேட்டாலும் ஏதோ ஓடுது என்று சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் நீ வகுப்பில் முதலாவதாக வந்தாலும், கேட்பவர்களிடம் "ஏதோ மார்க் போட்டிருக்காக" என்பாய். "ஏலே, நீ ஒங்கப்பனயே வித்துருவடா" என்று பெரியப்பா உன் முதுகில் தட்டுவார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

நீ வேதியியல் படித்தது உன் விருப்பமில்லை. பட்டாசு மருந்தில் என்னென்ன சேருகிறது என்று வீட்டில் ஒருவனாவது புத்தகத்தில் படித்திருக்கட்டும் என்று பெரியப்பா சொன்னார், மதுரையில் சேர்த்துவிட்டார்கள். சுனாமி வந்தபோது நீ மூன்றாம் வருஷம். லீவுக்கு வந்திருந்தாய். எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியானம், அடுக்களை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே நீ என்னிடம் முதன்முதலாக அந்த வேலையைப் பற்றிச் சொன்னாய். ஒரு கம்பெனியை விற்க நினைப்பவர் இருப்பார், வாங்க நினைப்பவர் இருப்பார், பணம் திரட்ட நினைப்பவர் இருப்பார். அந்தக் கம்பெனியை உள்ளும் புறமும் பார்த்து அதன் மதிப்பு என்ன என்று சொல்லி, பேரத்தை முடித்துவைப்பதற்கென்றே வங்கிகள் இருக்கின்றன என்றாய். பேர் முதலீட்டு வங்கி. நாம் பணம் போடுகிற வங்கி மாதிரி அதற்குக் கவுண்ட்டர் கிடையாதும்மா என்றாய். மருந்து எப்படி வெடிக்கிறது என்பதைவிட, ஒரே பெட்டிக்கு இங்கே ஒரு விலையும் வடக்கே ஒரு விலையும் எப்படி வருகிறது என்பதுதான் உனக்குச் சின்ன வயதிலிருந்தே யோசனையாக இருந்திருக்கிறது. அன்று நீ உரித்த பூண்டில் பாதி தோலோடு கிடந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது உன் அப்பா ஒரே கேள்வி கேட்டார். "இம்புட்டுப் படிச்சுப்போட்டு தரகுக்கா போறே?" உன் பெரியப்பா அதோடு விடவில்லை. "மாட்டுத் தரகனாச்சும் துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் பிடிச்சு வெல பேசுவான். நீ என்னத்தலே பிடிப்பே?" என்றார். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டதாக அவர்கள் இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

நீ அந்த வருஷங்களில் பட்டது எனக்குப் பாதிதான் தெரியும். அந்த வங்கிகள் ஆள் எடுக்கப் போவது பெரிய நிர்வாகக் கல்லூரிகளுக்கு மட்டும்தான், வேதியியல் படித்தவனின் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று நீ சொல்லித் தெரிந்துகொண்டேன். மதுரையில் பழைய புத்தகக் கடைகளில் பி.காம் பாடப் புத்தகங்களை வாங்கி முதலிலிருந்து படித்தாய். யார் யாரோ அடிக்கோடு போட்ட புத்தகங்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முன்பின் தெரியாத கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை வாசித்தாய். வங்கி எடுத்துக்கொள்ளாவிட்டால் வங்கிக்கு வேலை செய்கிற இடத்துக்காவது போவோம் என்று, வெளிநாட்டு வங்கிக்காரர்களுக்குக் கம்பெனி விவரங்களைத் திரட்டிக்கொடுக்கும் சென்னை அலுவலகம் ஒன்றில் சேர்ந்தாய். அங்கே உன் பேர் எந்த அறிக்கையிலும் வராது என்று சொன்னாய். அதை ஒரு குறையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது பழகிய இடம்.

அங்கிருந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் போக ஆரம்பித்தாய். ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாம் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தோமே, அன்று ஆற்று மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது நீ என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாய். உன் கண்கள் சிவந்திருந்தன, புகையாலா வேறெதனாலா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "கம்பெனியப் பத்திக் கேட்டா எல்லாம் வருதும்மா. நீ என்ன செஞ்சே, ஒன்ன எதுக்கு எடுக்கணும்னு கேட்டா வாய் வரமாட்டேங்குது. சும்மா எல்லாரும் சேந்து செஞ்சோம்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்றாய். உன் அலுவலகத்தில் ஒரு பெரிய அறிக்கையை நீ ஒருவனாக முடித்ததை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதைத்தான் அவர்களிடம் "சேந்து செஞ்சோம்" என்றிருக்கிறாய். கூடப் போட்டிக்கு வந்தவர்கள் சின்னக் காரியத்தையும் பெரிதாகச் சொல்லப் பழகியவர்கள். உனக்கு நான் குழாயடியில் வேறு பாடம் நடத்தியிருந்தேன். அது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. ஆனாலும் பொங்கல் பொங்குகிறது, பானையைப் பார் என்றேன். நீ எழுந்து குலவை போடுகிறவர்கள் பக்கம் போய்விட்டாய்.

மும்பை வாய்ப்பு தானாக வந்தது. உன் பேர் போடாத அறிக்கை ஒன்றை வாசித்த அங்குள்ள வங்கிக்காரர் ஒருவர், இதை எழுதியது யார் என்று விசாரித்துக் கூப்பிட்டிருந்தார். நீ போய்வந்த மறுநாள் காலையில் போன் செய்தாய். ஐப்பசி, சீசன் உச்சம். உன் அப்பா அவசரமாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கையெல்லாம் மாவு. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். அதை நீ அறிந்திருக்கமாட்டாய். வேலை கிடைத்துவிட்டது என்றாய். உன் அப்பா தலையைத் தூக்கினார். முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது, அதை நான் பார்த்தேன், நீ அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டேன். நீ மூச்சுவிடாமல் சொன்னாய். அந்த வங்கிக்காரர், உங்கள் குடும்பத்தில் பட்டாசுக் கம்பெனியாமே, அது நாளைக்கு விற்பனைக்கு வந்தால் நம் வாடிக்கையாளரை வாங்கச் சொல்வாயா என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொன்னாயாம். வருஷம் முழுக்கக் கூலி, விற்பனை ஒரே மாதம், கடைசி வாரம் மழை பிடித்தால் திரும்பி வருகிற சரக்கு, கடனுக்கு எடுத்துக்கொண்டு அடுத்த சீசன்வரை இழுக்கிற வியாபாரிகள் என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாய். அவர் சிரித்துக்கொண்டே, உங்கள் அப்பா இதை ஒத்துக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறார். அதற்கு நீ சொன்னதை என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னாய். "எங்கப்பா யாரு கேட்டாலும் ஏதோ ஓடுதுன்னுதான் சொல்லுவாக. முன்னாடி அது அடக்கத்துக்குச் சொன்னது. இப்பக் கொஞ்ச வருஷமா அது நெசம்."

உன் அப்பா தட்டில் பாதித் தோசையோடு எழுந்து கைகழுவினார். நீ இன்னும் பேசிக்கொண்டிருந்தாய். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போகும் சத்தம் உனக்குக் கேட்டிருக்காது.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது, "குடோனத் தெறந்து காட்டிட்டான்" என்றார். இரண்டாம் வகுப்பிலும் அதைத்தான் செய்தான் என்றேன். "அப்ப அவன் பிள்ள. இப்பத் தெரிஞ்சே செஞ்சிருக்கான்" என்றார். அவன் சொன்னது பொய்யா என்று கேட்டேன். ரசம் ஊற்றச் சொன்னார். அதோடு சரி. தீபாவளிக்கு நீ வந்தபோதும், ரயிலேறிப் போனபோதும் அவர் உன்னோடு சரியாகப் பேசாததற்குக் காரணம் இதுதான். நீ வெளியூர் போனதற்கு அவருக்கு வருத்தமில்லை. வீட்டுக்குள்ளேயே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நீ வெளியாளிடம் சொன்னாய், அதற்கு அவர்கள் உனக்கு வேலை கொடுத்தார்கள் என்பதுதான் அவரைக் குத்துகிறது. நீ செய்தது சரியா தப்பா என்று நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். நம் வழக்கத்தில் தப்பு. கேட்ட கேள்விக்குச் சரி. இரண்டையும் ஒன்றாக்க எனக்குத் தெரியவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

நீ அறியாதது இனிமேல்தான். நீ போன மறுவாரம் உன் அப்பாவும் பெரியப்பாவும் நம் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சாத்தூர் ரோட்டில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது யூனிட் போடப் போகிறார்கள். இரண்டு வருஷம் மும்பையில் இருந்துவிட்டு வரட்டும், அந்த யூனிட்டை அவன் பேரில் நடத்தலாம் என்றார் பெரியப்பா. உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "வாங்க வேண்டாம்னு சொன்னான்ல. அவனே வந்து கேக்குற மாதிரி ஆக்கிக் காட்டுறேன்" என்றார். யார் யாருக்குக் காட்டுவது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பேச்சிலிருந்து வந்தவைதான் நேற்றுக் கணக்குப்பிள்ளை வைத்துவிட்டுப் போன தாள்கள். இருக்கிற கம்பெனியையும் நாம் குடியிருக்கிற இந்த வீட்டையும் ஈடுவைத்துக் கடன் வாங்கி இரண்டாவது யூனிட். பங்குதாரர்கள் எல்லாரும் சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டும். வாசிப்பதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. இத்தனை வருஷம் கஷ்டம் என்று நினைத்திருந்ததுதான் ஆச்சரியமாக இருந்தது.

உன் அப்பா கெட்டவரில்லை என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன்னை ஊருக்கு இழுக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவரும் இல்லை. மகன் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அவர் ஒரு கட்டடத்தால் பதில் சொல்லப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டடம் எழும்பிவிட்டால், அது விழாமல் பார்த்துக்கொள்ள உன்னைத்தான் கூப்பிடுவார்கள். வீடும் அதில் மாட்டியிருக்கும்போது நீ வரமாட்டேன் என்று சொல்லமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

நீ அங்கே உட்காரப் போகிற மேஜைகளின் எதிர்ப்பக்கம் உன் அப்பாவைப் போன்றவர்கள் வருவார்கள். எல்லா ஊரிலும் ஏதோ ஓடுது என்பதற்கு ஒரு வார்த்தை இருக்கும். அதைக் கேட்டவுடன் அவர்கள் முகத்தைப் பார், அதற்கப்புறம் தாளைப் பார். விலை என்ன என்று நீ சொல்லத்தான் வேண்டும், அதுதான் உன் வேலை. அதைச் சொல்லும்போது அவருடைய மகன் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு சொல். உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் இனி "சேந்து செஞ்சோம்" என்று சொல்லாதே. நான் செய்தேன் என்று சொல். அந்தக் குழாயடிப் பாடத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு நீயாகப் போன் செய். சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது அவருக்கு இன்னும் வலிக்கும். இந்த வருஷம் மழையில் எவ்வளவு சரக்குத் திரும்பி வந்தது என்று கேள். அவர் ஏதோ என்று ஆரம்பிப்பார். நீ அப்படியே பேசாமல் இரு, போனை மட்டும் வைத்துவிடாதே. பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன், நல்லெண்ணெய் அங்கேயே கிடைக்கும் என்றாய், கிடைக்காவிட்டால் சொல்.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை தாள்களை வாங்க வருவார். குறிகளைக் காணோம் என்றதும் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, "இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணும்மா" என்று மறுபடியும் போட்டுக் காட்டுவார். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குக் காபி கொடுத்து, தாள்களை அப்படியே மடித்துக் கொடுத்தனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் உன் அப்பா வருவார், பின்னாலேயே உன் பெரியப்பாவும் வருவார். சத்தம் போடமாட்டார்கள், உனக்கென்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பேன். பங்குதாரராகி இத்தனை வருஷத்தில் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் அறைவரை போயிருக்கிறேன், அதற்கு மேல் போனதில்லை. குடோனைத் திறந்து காட்டுங்க, பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லப் போகிறேன். தீபாவளி முடிந்து கார்த்திகையும் பாதி போய்விட்டது. குடோன் காலியாக இருக்கவேண்டிய மாதம் இது.